கர்ப்ப காலப் பல்வலி: ஊசிக்கு அஞ்சினேன், மாத்திரையை விழுங்கிவிட்டேன்

நெல்லைச்சீமை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு இது தலைப்பிரசவம். நேற்றோடு 24 வாரங்கள் நிறைந்தன. பத்து நாட்களுக்கு முன் வலது பக்கக் கீழ்க் கடைவாய்ப்பல்லில் தொடங்கிய வலி இப்போது காது வரை இழுக்கிறது. இரவில் படுத்தால் கூடுகிறது. எழுந்து உட்கார்ந்தால் சற்றே தணிகிறது. மூன்று நாட்களாகத் தாடையோரம் வீக்கமும் தெரிகிறது.

முதலில் சென்ற பல் மருத்துவமனையில், கர்ப்பிணிக்கு எக்ஸ்ரே எடுப்பதில்லை, ஊசியும் போடுவதில்லை, பிரசவம் முடிந்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மகப்பேறு மருத்துவரோ பல்லைப் பற்றிப் பல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும் என்றார். மரத்துப்போகும் ஊசி வயிற்றிலிருக்கும் பிள்ளையையும் மரத்துப்போகச் செய்துவிடும் என்பது என் மாமியாரின் உறுதியான நம்பிக்கை. இப்படி ஆளுக்கொரு பக்கம் கைவிரிக்க, என் கணவர் தெருமுனை மருந்துக்கடையில் 'பல்வலி மாத்திரை' என்று கேட்டு வாங்கி வந்தார். நான் கர்ப்பிணி என்பதை அவர் சொல்லவில்லை. கடையில் இருந்தவரும் கேட்கவில்லை. இரண்டு நாட்களில் நான்கு மாத்திரைகள் போட்டுக்கொண்டேன். வலி நன்றாகவே குறைந்தது. நேற்று இரவுதான் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்: அசெக்லோபினாக் 100 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி., செராஷியோபெப்டிடேஸ் 15 மி.கி. முதல் பெயரை இணையத்தில் தேடிய பிறகு உறக்கம் வரவில்லை.

நான் விழுங்கிய நான்கு மாத்திரைகளால் குழந்தைக்குத் தீங்கு நேர்ந்திருக்குமா? ஊசியும் எக்ஸ்ரேவும் உண்மையிலேயே ஆபத்தானவையா? இந்தப் பல்லை இன்னும் நான்கு மாதங்கள் இப்படியே வைத்திருக்க முடியுமா?

பழையபேட்டை தாத்தா எழுதியது:

அம்மா, உன் பாட்டன் வயதுள்ளவன் என்ற உரிமையில் சொல்கிறேன். பிள்ளை பிறக்கும் வரை எந்த மருந்தும் வேண்டாம். கிராம்பை இடித்துப் பல்லில் வை. வெதுவெதுப்பான உப்பு நீரில் கொப்பளி.

இதைப் பழைமைவாதம் என்று எவரும் தள்ளிவிட வேண்டாம். தாலிடோமைடு என்ற மருந்து 1957-இல் மேற்கு ஜெர்மனியில் கடைக்கு வந்தது. கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் உறக்கமின்மைக்கும் அதைத் தாராளமாகக் கொடுத்தார்கள். 1961 நவம்பரில் திரும்பப் பெறுவதற்குள் உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறைபாட்டோடு பிறந்துவிட்டன. அதையும் 'முற்றிலும் பாதுகாப்பானது' என்று விளம்பரப்படுத்தித்தான் விற்றார்கள். இன்று இங்கே ஒருவர் வந்து இந்த ஊசி பாதுகாப்பானது என்று சொன்னால், நான் எதை வைத்து நம்புவது?

கொங்குப் பல்மருத்துவன் எழுதியது:

சகோதரி, முதலில் உங்கள் உறக்கத்தைக் கெடுத்த கேள்விக்கு வருகிறேன். அசெக்லோபினாக், டைக்ளோபினாக், ஐபுப்ரோபென், கீட்டோரோலாக் ஆகிய எல்லாம் ஒரே குடும்பம். வலிக்கும் வீக்கத்துக்கும் காரணமான புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உடலில் உருவாவதைத் தடுப்பதே இவற்றின் வேலை. ஆனால் அதே பொருளை நம்பித்தான் கருவிலுள்ள குழந்தையின் சிறுநீரகம் ஒழுங்காக இயங்குகிறது. நுரையீரலுக்குச் செல்லாமல் இரத்தத்தை மாற்றுவழியில் அனுப்பும் ஒரு குழாயும் அதனால்தான் திறந்தே இருக்கிறது. ஏறத்தாழ 20 வாரங்களுக்குப் பிறகு பனிக்குட நீரில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீரே. தாய் இம்மருந்துகளைத் தொடர்ந்து உட்கொண்டால் அச்சிறுநீர் குறைந்து, பனிக்குட நீரும் குறையக்கூடும். முன்பெல்லாம் 30 வாரங்களுக்குப் பிறகுதான் கூடாது என்பது வழக்கமான அறிவுரை. 2020 அக்டோபரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அந்த எல்லையை 20 வாரங்களுக்கு முன்னிழுத்தது. தவிர்க்க முடியாத நிலையில் 48 மணி நேரத்துக்கு மேல் கொடுக்க நேர்ந்தால், ஸ்கேன் மூலம் நீரின் அளவைப் பார்ப்பது பற்றி எண்ணும்படி அதே அறிவிப்பு மருத்துவர்களைக் கேட்டுக்கொள்கிறது. மருந்தை நிறுத்தினால் நீர் பெரும்பாலும் பழைய அளவுக்குத் திரும்பிவிடும் என்பதையும் அது குறிப்பிடுகிறது.

நீங்கள் விழுங்கியவை நான்கு. காலம் இரண்டு நாட்கள். இப்போதே நிறுத்துங்கள். மகப்பேறு மருத்துவரிடம் அந்த அட்டையையே எடுத்துச் சென்று காட்டுங்கள். பெயரை வாயால் சொல்வதோடு விட்டுவிடாதீர்கள். ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் உங்களுக்கும் நிம்மதி, அவருக்கும் தெளிவு. உறக்கத்தை இழக்கும் அளவுக்கு இதில் ஒன்றுமில்லை. அட்டையில் மூன்றாவதாக இருக்கும் செராஷியோபெப்டிடேஸ் நம் நாட்டில் வீக்கத்துக்கென்று பழக்கத்தால் எழுதப்படுவது. கர்ப்பிணிகளிடம் அதற்குப் போதிய ஆய்வு இல்லை. பொதுவாகவே அதன் பயன் ஐயத்துக்குரியது என்பது என் கருத்து.

இனி ஊசி. இருபது ஆண்டுகளாக இத்தொழிலில் இருக்கும் எனக்கு இன்னும் வியப்பளிப்பது, மக்கள் அச்சத்தை வைத்திருக்கும் இடம். கர்ப்பிணிகள் என்னிடம் அஞ்சி நடுங்குவது மரத்துப்போகும் ஊசிக்கும் எக்ஸ்ரேவுக்கும். அஞ்சாமல் விழுங்கிவிட்டு வருவது கடை மாத்திரையை. உண்மையான ஆபத்தின் வரிசை இதற்கு நேர்மாறானது.

பல் மருத்துவத்தில் நாங்கள் பயன்படுத்துவது பெரும்பாலும் லிக்னோகெயின் 2 விழுக்காடு, அதனுடன் மிகச் சிறிதளவு அட்ரினலின். 1.8 மில்லிலிட்டர் ஊசியில் லிக்னோகெயின் 36 மி.கி. இருக்கும். எண்பதாயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில் கலக்கப்பட்ட அட்ரினலின் 22.5 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் நாற்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த அட்ரினலின் அங்குள்ள இரத்தக் குழாய்களைச் சுருக்கி, மருந்து உடலுக்குள் விரைந்து பரவாமல் ஈறிலேயே தங்கச் செய்கிறது. எனவே கர்ப்பிணிக்கு அட்ரினலின் இல்லாத ஊசிதான் நல்லது என்ற எண்ணம் பெரும்பாலானோர் விஷயத்தில் தலைகீழானது. ஊசி போடும்போது இரத்தக் குழாய்க்குள் போகாதபடி பின்னிழுத்துப் பார்த்து, மெதுவாகச் செலுத்த வேண்டும். எல்லா நோயாளிகளுக்கும் அதுவே முறை. இரத்தக் கொதிப்பு மிகுந்த கர்ப்பிணியாக இருந்தால் அளவைக் குறைத்து, மகப்பேறு மருத்துவரைக் கலந்துகொள்வோம்.

லிக்னோகெயின் நஞ்சுக்கொடியைத் தாண்டாது என்று நான் பொய் சொல்ல மாட்டேன், தாண்டும். ஆனால் பல்லுக்குப் போடும் அளவில் தாண்டுவது மிகக் குறைவு. உங்கள் மாமியாருக்கு ஒன்று சொல்லுங்கள்: சிசேரியனுக்கு முதுகில் போடுவதும் இதே வகையைச் சேர்ந்த மரப்பு மருந்துதான்; அப்படிப் பிறந்த பிள்ளைகள் பிறந்தவுடன் வீறிட்டு அழத்தான் செய்கிறார்கள்.

தாத்தாவின் கேள்வி நியாயமானது. அதைத் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. தாலிடோமைடு, கருவில் என்ன செய்யும் என்று எவரும் முறையாகப் பார்க்காமலேயே கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்ட புதிய மருந்து. லிக்னோகெயின் 1943-இல் ஸ்வீடனில் உருவாக்கப்பட்டு, 1948 முதல் விற்பனையில் இருக்கிறது. முக்கால் நூற்றாண்டாகக் கர்ப்பிணிகளிடம் பயன்படுத்திய அனுபவம் அதற்கு உண்டு. வெறும் அனுபவத்தோடும் அது நிற்கவில்லை. இஸ்ரேலில் கர்ப்ப காலத்தில் பல்லுக்கு மரப்பு ஊசி பெற்ற 210 பெண்களை, பெறாத 794 பெண்களோடு ஒப்பிட்டு 2015-இல் ஓர் ஆய்வு வெளியானது. பெரிய பிறவிக் குறைபாடுகள் முதல் பிரிவில் 4.8 விழுக்காடு, இரண்டாவதில் 3.3 விழுக்காடு, இந்த வேறுபாடு தற்செயலாக நேரக்கூடியதே என்பது புள்ளியியல் கணக்கு. 210 என்பது சிறிய எண்ணிக்கை என்று தாத்தா சொல்வார், நானும் ஒப்புக்கொள்கிறேன். அதைவிடப் பெரிய சான்று அமெரிக்காவில் 823 கர்ப்பிணிகளை வைத்து நடந்து, 2006-இல் வெளியான ஆய்வு. ஒரு பாதியினருக்கு 21 வாரங்களுக்குள்ளும், மறுபாதியினருக்குப் பிரசவத்துக்குப் பின்னும் ஈறு ஆழச் சுத்தம் செய்தார்கள். குறைமாதப் பிரசவம் முறையே 12.0, 12.8 விழுக்காடு. ஈறு சிகிச்சை குறைமாதப் பிரசவத்தைத் தடுக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அது ஏமாற்றம்தான். ஆனால் கர்ப்பத்தின் நடுப்பகுதியில் நாற்காலியில் அமர்ந்து சிகிச்சை பெறுவது தீங்கு செய்வதில்லை என்பது அதிலிருந்து தெளிவாயிற்று.

மரப்பு மருந்துகள் எல்லாமே ஒன்றல்ல என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். பிரைலோகெயினுடன் பெலிப்ரெசின் கலந்த ஊசியைக் கர்ப்பிணிகளுக்குத் தவிர்ப்போம். பெலிப்ரெசின் பிரசவ வலியைத் தூண்டும் ஆக்சிடோசினுக்கு உறவுமுறைப் பொருள். பிரைலோகெயின் அளவு மிகுந்தால் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குறைக்கும்.

எக்ஸ்ரே பற்றி. ஒரு பல்லுக்கு எடுக்கும் ஆர்.வி.ஜி. எனப்படும் டிஜிட்டல் எக்ஸ்ரே படத்தில் உடலுக்குச் சேரும் கதிர்வீச்சு சில மைக்ரோசீவர்ட்டுகள். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் நாம் ஒவ்வொருவரும் இயல்பாகப் பெறுவது உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட், நாளொன்றுக்கு ஆறு, ஏழு மைக்ரோசீவர்ட். ஆக, ஒரு படம் சுமார் ஒரு நாள் உலகில் வாழ்ந்ததற்குச் சமம். அதுவும் தாடையை நோக்கி விழுவது. கருப்பைக்குச் சேருவது அதிலும் மிகச் சொற்பம். உங்கள் பக்கத்து மாவட்டமான கன்னியாகுமரியின் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மோனசைட் என்ற கதிரியக்கக் கனிமம் கலந்த மணலால் இயற்கைக் கதிர்வீச்சு இதைவிடப் பன்மடங்கு. அங்கும் பிள்ளைகள் பிறந்து வளர்கிறார்கள். நான் ஈயக் கவசம் போர்த்தித்தான் எடுக்கிறேன், கேட்பவர்களின் மன நிறைவுக்காக. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024-இல் அந்தக் கவசமே இனித் தேவையில்லை என்று அறிவித்துவிட்டது.

கடைசிக் கேள்வி: நான்கு மாதம் தள்ளிப்போடலாமா? முடியாது. தாடையில் வீக்கம் வந்துவிட்டது. பல்லின் வேர் நுனியில் சீழ் கோத்திருக்கக் கூடும். கீழ்க் கடைவாயில் தொடங்கும் சீழ் கழுத்துக்கு இறங்கினால் மூச்சுக்கே ஆபத்து. காய்ச்சல் வந்தால் அது குழந்தைக்கும் நல்லதல்ல. வாய் திறக்க முடியாமை, விழுங்கச் சிரமம், காய்ச்சல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று தோன்றினால் மறுநாள் வரை காத்திராமல் பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள். 14 முதல் 20 வாரம் வரை வசதியான காலம் என்பது தள்ளிப்போடத்தக்க சிகிச்சைக்குச் சொல்லப்பட்டது. சீழ் எந்த வாரத்திலும் அவசரமே.

மருந்துக்கடை மேசை எழுதியது:

நான் மருந்தாளுநர். மேலே சொல்லப்பட்டதில் எங்கள் பங்கு வெட்கத்துக்குரியது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். அசெக்லோபினாக் மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் இருக்கிறது. ஆனாலும் 'பல்வலி மாத்திரை', 'உடம்புவலி மாத்திரை' என்ற பெயரில் அன்றாடம் மேசையைத் தாண்டிப் போகிறது.

இன்னொரு சிக்கலை வாங்குபவர்கள் கவனிப்பதில்லை. பத்து மாத்திரை அட்டையிலிருந்து நான்கை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுக்கும்போது, மருந்தின் பெயரும் கலவையும் பல நேரங்களில் கடையில் தங்கும் பாதியிலேயே நின்றுவிடும். உங்கள் கைக்கு வருவது பளபளக்கும் வெறும் தகடு. சில கடைகளில் அதுவும் இல்லாமல் காகித உறையில் உதிரியாகப் போட்டுக் கொடுப்பார்கள். நெல்லைச்சீமையின் கணவருக்கு எழுத்துள்ள பாதி வந்தது நற்பேறு. கர்ப்பிணியோ பாலூட்டும் தாயோ உள்ள வீட்டில், பெயரும் கலவையும் உள்ள பகுதியைக் கேட்டு வாங்குங்கள். இல்லையேல் முழு அட்டையாக வாங்குங்கள்.

வணிகப் பெயரை நம்பவும் முடியாது. ஒரே பெயரின் பின்னால் ஓர் எழுத்தோ இரண்டெழுத்தோ சேர்ந்தால் உள்ளே இருக்கும் கலவை மாறிவிடும். பாராசிட்டமால் மட்டும் உள்ளது, அசெக்லோபினாக் சேர்ந்தது, டிரமடால் என்ற வலுவான வலி மருந்து சேர்ந்தது எல்லாம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் போல ஒரே சாயலில் இருக்கும். கலவை மாத்திரையில் ஏற்கெனவே 325 மி.கி. பாராசிட்டமால் இருப்பதை அறியாமல், காய்ச்சலுக்கென்று 650 மி.கி. பாராசிட்டமாலைத் தனியாகவும் விழுங்குவோர் எண்ணற்றவர்கள். 24 மணி நேரத்தில் மொத்தம் 4 கிராம் என்பது பெரியவர்களுக்கான உச்ச எல்லை. கர்ப்பிணிக்கு 650 மி.கி. ஒன்றை ஆறு மணி நேர இடைவெளியில், தேவைப்படும் நாட்களுக்கு மட்டும் என்பதே நான் மருத்துவர்களின் சீட்டுகளில் வழக்கமாகக் காண்பது.

ஆஸ்பிரின் பற்றியும் ஒரு வார்த்தை. மேற்கண்ட குடும்பத்துக்கு நெருங்கிய உறவுதான் என்றாலும், கர்ப்ப கால இரத்தக் கொதிப்பைத் தடுக்க மகப்பேறு மருத்துவர்கள் 75 அல்லது 150 மி.கி. அளவில் எழுதும் ஆஸ்பிரினுக்கு அந்த 20 வார எச்சரிக்கை பொருந்தாது. இந்த இழையைப் படித்துவிட்டு அதை எவரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. பல் பிடுங்க வேண்டியிருந்தாலும், ஆஸ்பிரினையோ இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியையோ நிறுத்தும் முடிவு எழுதிக்கொடுத்தவருடையது.

நெல்லைச்சீமை எழுதியது:

இவ்வளவு பொறுமையாக விளக்கியதற்கு நன்றி. ஸ்கேனுக்கு நாளைக் காலை வரச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இப்போது பாராசிட்டமாலைக் கண்டும் அஞ்சுகிறேன். கர்ப்பிணிகள் அதைச் சாப்பிட்டால் குழந்தைக்கு ஆட்டிசம் வரும் என்று அமெரிக்க அதிபரே சொன்னதாகச் செய்தி படித்தேன். அது உண்மையென்றால் எனக்கு மிச்சமிருப்பது என்ன?

கொங்குப் பல்மருத்துவன் எழுதியது:

2025 செப்டம்பரில் அந்த அறிவிப்பு வந்தது உண்மை. வந்த உடனேயே அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் கல்லூரி அதை மறுத்து, கர்ப்ப காலத்தில் வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் ஏற்றதே என்ற தன் நிலைப்பாட்டை உறுதிப்படுத்தியது.

இந்த ஐயம் முளைத்ததற்குக் காரணம் இல்லாமலில்லை. மருந்து சாப்பிட்ட தாய்மாரின் பிள்ளைகளையும் சாப்பிடாதவர்களின் பிள்ளைகளையும் ஒப்பிட்ட சில ஆய்வுகளில் சிறு வேறுபாடு தெரிந்தது. ஆனால் மாத்திரை சாப்பிட்டவர் ஏதோ ஒரு நோய்க்காகத்தானே சாப்பிட்டார்? அந்த நோயா, காய்ச்சலா, மரபா, மருந்தா என்று பிரித்தறிய வேண்டும். ஸ்வீடனில் 1995 முதல் 2019 வரை பிறந்த சுமார் 24.8 இலட்சம் குழந்தைகளை வைத்து 2024-இல் வெளியான ஆய்வு அதைச் செய்தது. ஒரே தாய் ஒரு கர்ப்பத்தில் பாராசிட்டமால் எடுத்து, மற்றொன்றில் எடுக்காமல் இருந்தால், அந்த உடன்பிறந்தோரை ஒப்பிட்டார்கள். வேறுபாடு மறைந்துவிட்டது.

நீங்கள் நாளெல்லாம் மாதக்கணக்கில் சாப்பிடப் போவதில்லை. பல்லைத் திறந்து சீழை வெளியேற்றிவிட்டால், இரண்டு மூன்று நாட்களுக்குமேல் வலி மாத்திரையே தேவைப்படாது. வலியின் காரணத்தை அகற்றுவதுதான் மருந்தைக் குறைக்கும் வழி. சிகிச்சையைத் தள்ளிப்போடும் கர்ப்பிணிதான் மொத்தத்தில் அதிக மாத்திரை விழுங்குகிறார். இதை என் நாற்காலியில் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன்.

கைப்பிள்ளைக்காரி எழுதியது:

பாலூட்டும் தாயின் பக்கத்தையும் பதிந்துவிடுகிறேன். என் மகளுக்கு நான்கு மாதமாகியிருந்தபோது ஞானப்பல் ஒன்றைப் பிடுங்க வேண்டியதாயிற்று. ஊசி போட்டதால் இரண்டு நாட்கள் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடுங்கள் என்று அந்த மருத்துவமனையில் சொன்னார்கள். புட்டியை வாயில் வைத்தால் துப்பிவிடும் பிள்ளை. இரண்டு நாளும் வீடே அழுதது. எனக்கு மார்பில் பால் கட்டிக் காய்ச்சல் வந்து, அதற்குத் தனியாக மருந்து வேண்டியிருந்தது. பிறகு வேறொரு குழந்தை மருத்துவரிடம் கேட்டபோதுதான், அந்த ஊசிக்காக ஒரு வேளைப் பாலைக்கூடக் கொட்டியிருக்கத் தேவையில்லை என்று அறிந்தேன்.

அதைவிட என்னைக் கலங்கடித்தது வேறு. எந்தப் பொருளுக்காகப் பாலைக் கொட்டச் சொன்னார்களோ அது தீங்கற்றது. மூன்றாம் நாள் முதல் பால் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டு, ஐந்து நாட்களுக்கு எழுதிக் கொடுத்த வலி மாத்திரையில் இருந்தது டிரமடால். மகள் வழக்கத்தைவிட அதிகமாக உறங்கியதாக இப்போது நினைத்தாலும் தோன்றுகிறது. மாத்திரையால்தானா என்று உறுதியாகச் சொல்ல எனக்கு வழியில்லை. டிரமடாலும் கோடீனும் பாலூட்டும் தாய்மாருக்குக் கூடாது என்று 2017-இலேயே அமெரிக்காவில் எச்சரித்திருக்கிறார்கள் என்பதைப் பிற்பாடு படித்தேன். ஏன் என்பதை மருத்துவர் விளக்கினால் மற்றவர்களுக்கும் உதவும்.

கொங்குப் பல்மருத்துவன் எழுதியது:

நீங்கள் சொன்னதைப் படிக்கையில் என் துறைக்காக வருந்தினேன்.

கோடீனும் டிரமடாலும் கல்லீரலில் மாற்றமடைந்த பிறகே வலுவாக வேலை செய்கின்றன. மரபு காரணமாகச் சிலருக்கு இந்த மாற்றம் மிக விரைவாகவும் மிகுதியாகவும் நடக்கும். அத்தகைய தாயின் பாலில் வலுவான பொருள் கூடுதலாகச் சேர்ந்து, சிசுவுக்கு அளவுமீறிய உறக்கத்தையும் மூச்சுத் திணறலையும் உண்டாக்கலாம். தாய் அத்தகையவரா என்பது முன்கூட்டித் தெரியாது. ஐபுப்ரோபென் இருக்கும்போது அந்தச் சூதாட்டம் எதற்கு?

பலரும் குழம்பும் இடம் இதுதான். கர்ப்பத்தில் 20 வாரங்களுக்குப் பிறகு வேண்டாம் என்று நான் விலக்கிய அதே ஐபுப்ரோபென், பிரசவத்துக்குப் பின் பாலூட்டும் தாய்க்கு முதல் தேர்வுகளுள் ஒன்று. கருவில் குழந்தை தாயின் இரத்தத்தோடு இணைந்திருக்கிறது. வெளியே வந்த பின் இடையில் பால் என்ற வடிகட்டி வந்துவிடுகிறது. ஐபுப்ரோபென் பாலுக்குள் மிகமிகக் குறைவாகவே செல்கிறது. தாயின் எடைக்கேற்ற அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சிசுவுக்குச் சென்றால் ஏற்கத்தக்கது என்பது பாலூட்டல் மருந்தியலில் வழங்கும் பொது அளவுகோல். ஐபுப்ரோபென் நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. குறைமாதத்தில் பிறந்த, அல்லது சிறுநீரகக் கோளாறுள்ள சிசுவாக இருந்தால் மட்டும் குழந்தை மருத்துவரைக் கேளுங்கள். வலிக்கான அளவில் ஆஸ்பிரின் வேண்டாம்.

லிக்னோகெயின் பாலில் சிறிதளவு வரும். அதைக் குழந்தை குடித்தாலும் வயிற்றின் வழியாக அது சரிவர உடலில் சேர்வதில்லை. ஊசிக்காகப் பாலைக் கொட்டுவது வீண். மருத்துவமனைக்குப் புறப்படும் முன் பால் கொடுத்துவிட்டு வாருங்கள் என்று நான் சொல்வதெல்லாம், நாற்காலியில் இருக்கும் நேரத்தில் பிள்ளை பசித்து அழக்கூடாது என்பதற்காகத்தான்.

ஆன்டிபயாடிக் பற்றி இதுவரை எவரும் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். அமாக்சிசிலின் கர்ப்பத்திலும் பாலூட்டும் காலத்திலும் நெடுங்காலமாகப் பயன்பாட்டில் உள்ளது; பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் அசித்ரோமைசினோ கிளிண்டமைசினோ. கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த அமாக்சிசிலினைப் பொதுவாகக் கொடுக்கலாம். ஆனால் குறைமாதத்திலேயே பனிக்குடம் உடைந்த பெண்களிடம் கொடுத்தபோது சிசுக்களுக்குக் குடல் அழற்சி நோய் கூடியதாக 2001-இல் பிரிட்டனின் பெரிய ஆய்வொன்று காட்டியதால், அந்நிலையில் தவிர்ப்பார்கள். மெட்ரோனிடசோலை எலிகளில் கண்ட முடிவுகளால் முன்பு அஞ்சினார்கள். மனிதர்களில் பிறவிக் குறைபாடு கூடியதாகச் சான்று இல்லை. பாலில் ஓரளவு வந்தாலும், அதே மருந்தைச் சிசுக்களுக்கே நேரடியாகச் சிகிச்சையாகக் கொடுப்பதுண்டு.

வேண்டாதவை டாக்சிசைக்ளின் உள்ளிட்ட டெட்ராசைக்ளின் வகைகள். கருவின் நான்காம் மாதவாக்கில் பால்பற்களில் சுண்ணம் ஏறத் தொடங்குகிறது. இம்மருந்து அச்சுண்ணத்தோடு ஒட்டிக்கொண்டு பல்லை நிலையாக மஞ்சளாகவும் பழுப்பாகவும் கறைப்படுத்திவிடும். தாயின் ஈறுக்கு மருந்து கொடுத்துப் பிள்ளையின் பல்லைக் கெடுப்பது என் தொழிலுக்கே அவமானம். வயிற்றுப்போக்குக்கும் பல்வலிக்கும் ஒன்றுபோல விற்கப்படும் ஆப்ளாக்சசின், ஆர்னிடசோல் கலவையும் கர்ப்பிணிக்கு வேண்டாம்.

இவை எவையும் சீழை வெளியேற்றுவதற்கு மாற்றாகாது. உடல் முழுக்கப் பரவும் அறிகுறி இல்லாத வெறும் பல்வலிக்கு ஆன்டிபயாடிக்கே தேவையில்லை என்பது அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் 2019 வழிகாட்டல்.

ஈஸ்ட்ஹாம் தமிழ் எழுதியது:

இலண்டனிலிருந்து ஒரு குறிப்பு. இங்கே கர்ப்பம் முழுவதும், பிரசவத்துக்குப் பின் ஓராண்டு வரையும் அரசு மருத்துவச் சேவையின் பல் சிகிச்சை இலவசம். கர்ப்பிணியைத் திருப்பி அனுப்புவதற்கு மாறாக, இந்தக் காலத்தில் வந்துவிடுங்கள் என்று அழைக்கிறார்கள். எனக்கு ஆறாம் மாதத்தில் பல் அடைத்தபோது, வெள்ளிநிறப் பாதரசக் கலவையைத் தவிர்த்துப் பல்நிறக் கலவையால் அடைத்தார்கள். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுவோருக்கும் பாதரசக் கலவையைத் தவிர்க்கும் விதி ஐரோப்பாவில் 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையிலும் 2022-இல் அதே கருத்து சேர்க்கப்பட்டது. பழைய அடைப்பு நன்றாக இருந்தால் அதைத் தோண்டக் கூடாது, தோண்டும்போதுதான் ஆவி கிளம்பும் என்றும் சொன்னார்கள்.

மற்றொன்று: நாற்காலியை முழுவதும் சாய்க்காமல், வலது இடுப்பின் கீழ் ஒரு சிறு தலையணை வைத்து, இடப்பக்கம் சற்றே ஒருக்களிக்கச் செய்தார்கள். மல்லாந்து படுத்தால் கருப்பை பெரிய இரத்தக் குழாயை அழுத்தித் தலைசுற்றல் வருமாம். முதல் முறை அப்படி வைக்காதபோது எனக்கு வந்தது. ஊசியால் வந்ததென்று எண்ணிவிட்டேன்.

பழையபேட்டை தாத்தா எழுதியது:

மருத்துவர் ஐயாவின் விளக்கத்தைக் கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தேன். ஊசி குறித்து என் ஐயம் பெரும்பாலும் தீர்ந்தது. கடை மாத்திரை கூடாது என்பதில் நாமிருவரும் ஒரே பக்கம்தான் என்பதையும் குறித்துக்கொள்கிறேன். கிராம்பைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே?

கொங்குப் பல்மருத்துவன் எழுதியது:

ஐயா, கிராம்பில் உள்ள யூஜினாலை நாங்களே சிகிச்சையில் பயன்படுத்துகிறோம். உங்கள் பாட்டிமார் அறிந்ததே எங்கள் மேசையிலும் இருக்கிறது. ஒரு கிராம்பை மென்று சொத்தையருகே வைத்துக்கொள்வதில் தவறில்லை. கடையில் விற்கும் கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து இரவெல்லாம் வைத்து, ஈறு வெந்து வருபவர்களையும் பார்க்கிறேன். உப்பு நீர் எத்தனை முறை வேண்டுமானாலும் கொப்பளிக்கலாம். குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு நீரும் பாதுகாப்பானதே. போவிடோன் அயோடினைத்தான் நாள்கணக்கில் கொப்பளிக்க வேண்டாம். அதிலுள்ள அயோடின் குழந்தையின் தைராய்டைப் பாதிக்கக்கூடும்.

காலையில் வாந்தி எடுக்கும் கர்ப்பிணிகள் உடனே பல் துலக்காமல், ஒரு குவளை நீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து கொப்பளித்துவிட்டுச் சற்றுநேரம் கழித்துத் துலக்கட்டும். அமிலத்தில் ஊறிய பல்லைத் தேய்த்தால் மேற்பூச்சே தேயும்.

நெல்லைச்சீமை எழுதியது:

நான்கு நாட்கள் கழித்து எழுதுகிறேன். ஸ்கேனில் பனிக்குட நீரின் அளவு 13 செ.மீ.; 5 முதல் 25 வரை இயல்பு என்றார்கள். மகப்பேறு மருத்துவர் அட்டையைப் பார்த்துவிட்டு, பல் சிகிச்சைக்குத் தமக்கு மறுப்பில்லை என்றும், லிக்னோகெயின், அமாக்சிசிலின், பாராசிட்டமால் கொடுக்கலாம் என்றும் என் தாய் சேய் நல அட்டையிலேயே எழுதிக் கையெழுத்திட்டார். அதை எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்குச் சென்றேன். அந்த மூன்று வரியைப் பார்த்ததும் அங்கே எவரும் தயங்கவில்லை.

ஒரே ஓர் எக்ஸ்ரே. ஒரே ஓர் ஊசி. பல்லைத் திறந்ததும் சீழ் வெளியேறி, பத்து நாள் வலி பத்து நிமிடத்தில் அடங்கியது. ஊசி போட்டு உதடு மரத்திருந்தபோதே குழந்தை உதைத்தது. என் மாமியாரின் கையை எடுத்து வயிற்றில் வைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் கையையும் எடுக்கவில்லை. பாராசிட்டமால் மொத்தம் ஐந்துதான் தேவைப்பட்டது. வேர் சிகிச்சையின் மீதியை அடுத்த வாரம் முடிக்கிறார்கள்.

கணவர் அந்தத் தெருமுனைக் கடைக்குச் சென்று, சண்டையிடாமல், நடந்ததை மட்டும் சொல்லிவிட்டு வந்தார். ஒரே ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது: பல்லுக்கு மேலே போடும் உறையைப் பிரசவத்துக்குப் பின் போட்டுக்கொள்ளலாமா?

கொங்குப் பல்மருத்துவன் எழுதியது:

தாராளமாக. வேர் சிகிச்சை முடிந்து நன்றாக அடைத்துவிட்டால் உறை சில மாதங்கள் காத்திருக்கும். அந்தப் பக்கத்தில் முறுக்கும் சீடையும் கடிக்காமல் இருந்தால் போதும். பிள்ளை பிறந்தபின், பால் கொடுத்துவிட்டு வந்து அமருங்கள்.